புறுபுறுப்பும் முணுமுணுப்பும்

அன்புள்ள ஐயாவுக்கு,

என் சிறுகதையில் ஒரு சிறுமி புறுபுறுத்துக்கொண்டே கிணற்றடிக்குத் தண்ணீர் அள்ளப் போகிறாள். தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் அது வட்டார வழக்கு என்று சொல்லி, 'முணுமுணுத்துக்கொண்டே' என்று திருத்தித் தந்தார். யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா நாளுக்குப் பத்துத் தரம் 'புறுபுறுக்காதே' என்பார். இரண்டும் ஒன்றுதானா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஒன்றல்ல. நண்பர் நல்லெண்ணத்தோடுதான் திருத்தியிருப்பார். ஆனால் அந்தச் சிறுமியின் குணமே கதையிலிருந்து போய்விட்டது.

முணுமுணுப்பு குரலின் அளவை மட்டும் சொல்கிறது. மந்திரத்தையும் முணுமுணுக்கலாம், பிடித்த பாட்டையும் முணுமுணுக்கலாம். புறுபுறுப்பிலோ மனக்குறை இருந்தே தீரும், அதுவும் சின்னக் குறை. 'எப்போதும் நான்தானா, தம்பியை அனுப்பினால் என்ன' என்கிற அளவுக்கு. சொன்ன வேலையை அவள் மறுப்பதில்லை. வாளியைத் தூக்கியாயிற்று, காலும் நடக்கிறது, வாயும் நடக்கிறது. அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குச் சத்தம் கேட்க வேண்டும், சொல் விளங்கிவிடக் கூடாது. இந்தக் கணக்கை எந்தப் பிள்ளைக்கும் யாரும் கற்றுக்கொடுப்பதில்லை!

புலம்பல் வேறு. 'புலம்பே தனிமை' என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். அந்தப் பழம்பொருள் தெரிந்த பிறகு, கேட்க ஆளில்லாதவரின் பேச்சாகவே அது என் காதில் விழுகிறது. புறுபுறுப்புக்குப் பக்கத்து அறையில் ஓர் ஆள் வேண்டும்.

முறுமுறுப்பு சற்று நெருங்கி வரும், ஆனால் கோபம் கூடியது. தமிழ் விவிலியத்தில், யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் பசித்த மக்கள் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிராக முறுமுறுக்கிறார்கள். அவர்களுக்கு மன்னா என்ற உணவும் கிடைக்கிறது. பசியோடு இருப்பவரின் குறையைச் சின்னக் குறை என்று எப்படிச் சொல்வது? அதனால் ஒன்றில் எனக்குப் பிடிவாதம் உண்டு: வரவேண்டிய கூலியைக் கேட்டு நிற்பவர் 'புறுபுறுத்தார்' என்று எழுதாதீர்கள். அது முறையீடு.

வட்டார வழக்கு என்பதற்காக ஒரு சொல்லைக் கதையிலிருந்து துரத்த வேண்டியதில்லை. இலக்கணமும் தடுக்கவில்லை. 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்ற நூற்பாவுக்குச் சலசல, மொறுமொறு போலவே இதுவும் அடங்கும். 'புறு' என்று தனியே ஒன்றைப் பிரித்தெடுத்தால் பொருள் இல்லை.

பழைய சொல்லையே திரும்ப வையுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம். கையில் வாளியும் முகத்தில் சுளிப்புமாக அவள் போகிறாளே, மதுரை வாசகருக்கும் அது போதும்.