மனநலம்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 48. பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் சாப்பிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருந்தார். இரண்டு மாதங்களுக்கு முன் ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகச் சொல்லி, வேறொரு மருத்துவர் டெல்மிசார்டானும் நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பையும் அடியோடு நிறுத்திவிட்டோம். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சில நாட்களாகக் கை கடுமையாக நடுங்குகிறது, வயிற்றுப்போக்கு இருக்கிறது, நடை தள்ளாடுகிறது. லித்தியம்தான் காரணம், அதை விட்டுவிடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். விட்டுவிடலாமா டாக்டர்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தங்கள் கடிதம் கிடைத்த அன்றே, கணவரை உடனடியாக மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்படி தொலைபேசியில் தெரிவித்துவிட்டோம். இதே நிலையில் இருக்கக்கூடிய மற்றவர்களுக்காகவே இங்கு விரிவாக எழுதுகிறேன். கடுமையான நடுக்கம், வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறல், மயக்கநிலை ஆகியவை ரத்தத்தில் லித்தியம் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கையில் எடுத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.

உறவினர்கள் லித்தியத்தின் மேல் பழி போடுகிறார்கள். ஆனால் இத்தனை ஆண்டுகள் ஒத்துப்போன அதே மாத்திரை, அதே அளவில் இப்போது ஏன் நஞ்சானது என்றுதான் பார்க்க வேண்டும். லித்தியமும் ஓர் உப்புதான். சிறுநீரகம் அதைச் சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் சோடியம் குறையும்போது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ள முனையும் சிறுநீரகம் லித்தியத்தையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பில்லாப் பத்தியம், நீர் பிரிக்கும் மருந்து, வயிற்றுப்போக்கு மூன்றும் இதைத்தான் செய்கின்றன. டெல்மிசார்டானும் டைக்ளோஃபெனாக்கும் வேறு வழியில் அதே முடிவுக்குக் கொண்டுவிடுகின்றன. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்கு மாற்றாக லித்தியம் குளோரைடு விற்கப்பட்டு, உப்பைக் குறைத்திருந்த அவர்களில் சிலர் உயிரிழந்ததால் 1949இல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே 1949இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மனஎழுச்சி நோய்க்கு (இருதுருவ நோயில் உற்சாகம் கட்டுக்கடங்காமல் பொங்கும் நிலை) லித்தியம் பயன் தருவதை வெளியிட்டார். இன்றளவும், இருதுருவ நோயாளிகளிடையே தற்கொலையைக் குறைப்பதில் இதற்கு ஈடான சான்று உள்ள மருந்து வேறில்லை.

எனவே நஞ்சுநிலை தீர்ந்தபின் லித்தியத்தை மறுபடி தொடங்குவதா, எந்த அளவில் என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். நலமாக இருக்கும் ஒருவர் தானாகத் திடீரென நிறுத்தினால் மனஎழுச்சி வேகமாகத் திரும்பி வரும். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் போன்ற மாற்று உண்டு. வலிக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் போதும். ரத்தத்தில் லித்தியம் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் போதுமானது, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. வழக்கமான பரிசோதனைக்குக் கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால் அளவு தவறாகக் கூடிக் காட்டும். உப்பைச் சீராகக் குறைப்பதில் தவறில்லை, அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கத்திரி வெயில் நாட்களிலும் விரத நாட்களிலும் தண்ணீர் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த மருத்துவரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். மனநோய் என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சத்தில் பலர் இதை மறைக்கிறார்கள். தங்கள் கணவருக்குப் பி.பி. மாத்திரை எழுதியவருக்கும் இது தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு வயது 24. இருதுருவ நோய்க்காக வால்புரோயேட், ஓலான்சபின் இரண்டும் சாப்பிடுகிறாள். உடல் மிகவும் பருத்துவிட்டது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கல்யாணத்துக்கு முன் மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம், ஆனால் மருந்தை மாற்றுவது பற்றி இப்போதே, தாமதிக்காமல் பேசுங்கள். வால்புரோயேட் சாப்பிடும் தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு முதுகுத்தண்டு உள்ளிட்ட பிறவிக் குறைபாடுகள் நேர்கின்றன. பல குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படுகிறது. கரு உண்டானது தெரியவரும் முன்பே முதுகுத்தண்டு உருவாகத் தொடங்கிவிடுவதால், கருத்தரித்த பிறகு மாற்றலாம் என்று காத்திருப்பதில் பயனில்லை. அதனால்தான் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு, வேறு வழியில்லாதபோது தவிர, இம்மருந்தைத் தொடங்கக் கூடாது என்கிறோம். மாதவிலக்குக் கோளாறுக்கும் இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

உடல் பருமனை மகளின் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். ஓலான்சபின் பசியைத் தூண்டிவிடும். சர்க்கரையையும் ரத்தக் கொழுப்பையும் ஏற்றும். எடை, இடுப்புச் சுற்றளவு, வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பரிசோதித்து, எடையைக் குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாறலாம். தேவைப்பட்டால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மருந்தைச் சேர்க்கலாம். இருதுருவ நோயாளிகளின் ஆயுளைக் குறைப்பதில் இதய நோய்க்கே பெரும் பங்கு உண்டு என்பதால், இதை வெறும் அழகுப் பிரச்சினையாகக் கருதக் கூடாது. மாப்பிள்ளை வீட்டாரிடம் நோயை மறைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஒளித்து ஒளித்து மாத்திரை போடும் பெண் விரைவில் அதை நிறுத்திவிடுகிறாள். கல்யாண நாட்களின் தூக்கமின்மை ஒன்றே மனஎழுச்சியைக் கிளப்பிவிடப் போதுமானது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் நோய் திரும்பும் அபாயம் மிக அதிகம் என்பதை வருங்காலக் கணவரும் அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி: லித்தியத்தால் எனக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது. லித்தியத்தை நிறுத்தினால் சரியாகுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: சிலருக்குச் சரியாகலாம், ஆனால் அதற்காக லித்தியத்தை நிறுத்தத் தேவையில்லை. காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின் மாத்திரை எடுத்துக்கொண்டு லித்தியத்தைத் தொடரலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டின் நிலையைக் காட்டுவது), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) இரண்டையும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கால்சியத்தையும் பாருங்கள். தைராய்டு குறைவே அசதி, மறதி, மனச்சோர்வு ஆகியவற்றை உண்டாக்கும் என்பதால், நோய் திரும்பிவிட்டது என்று மனநல மருந்தைக் கூட்டும் முன் டி.எஸ்.எச். பார்க்கும்படி உங்கள் மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.