கீகர் காட்டில் தழைச்சத்துக்கு என்ன குறை?

கேள்வி: காலையில் ரிட்ஜ் (தில்லி நகரத்துப் பாறைக் குன்றுக் காடு) பக்கம் நடக்கப் போனால் எங்கு பார்த்தாலும் விலாயதி கீகர்தான், அதாவது எங்கள் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம். அதை எடுத்துவிட்டுப் பல வகை நாட்டு மரங்களை வளர்க்க வேண்டும் என்கிறார்கள். மர வகை கூடினால் மண்ணில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, கூடும் என்றும் படித்தேன். ஆனால் கீகரே காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கிற மரம்தானே? அப்படியென்றால் முழுக்கக் கீகராக இருப்பதில் என்ன தப்பு?
– வாசகர், ஆர்.கே.புரம், புது தில்லி

பதில்: பாதி உங்கள் பக்கம்தான். கீகர் அவரைக் குடும்பம். அதன் வேர் முடிச்சுகளில் இருக்கும் பாக்டீரியாக்கள் காற்று நைட்ரஜனை மரத்துக்குப் பிடித்துக் கொடுக்கின்றன, மரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. கீகர் நிழலில் கொஞ்சம் மண்ணும் பக்கத்து வெட்டவெளியில் கொஞ்சம் மண்ணும் எடுத்துச் சோதித்தால் பெரும்பாலும் நிழல் மண்தான் ஜெயிக்கும்.

ஆனால் மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது ஒன்று, அதில் எவ்வளவு செடிக்குக் கிடைக்கிறது, எவ்வளவு அங்கேயே தங்குகிறது என்பது வேறொன்று. மண்ணிலுள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி மட்கோடு பிணைந்து கிடக்கிறது, வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்ட பணம் மாதிரி. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியமாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றிய பிறகுதான் வேருக்கு அது எட்டும். இதில் நைட்ரேட் ஒரு ஓடுகாலி. களிமண் துகளுக்கும் எதிர்மின்னூட்டம், நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம், அதனால் ஒட்டவே ஒட்டாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தில்லி மண்ணில் முதல் நல்ல மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் சட்டென்று வேலையைத் தொடங்கி ஏராளமாக விடுவிக்கும், அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ளப் போதுமான வேர்கள் பல ஆழங்களில் இல்லையென்றால் ஒரு பங்கு தண்ணீரோடு கீழே இறங்கிவிடும், தண்ணீர் தேங்கிய இடங்களில் இன்னொரு பங்கு வாயுவாகிக் காற்றுக்கே போய்விடும்.

கலப்புக் காடு ஜெயிப்பது இங்கேதான். மேலாக வேர் பரப்புகிற மரம், ஆழமாக இறக்குகிற மரம், கோடையிலேயே துளிர்ப்பது, மழை வந்த பிறகு துளிர்ப்பது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு ரகம் என்பதால் ஒன்று விட்டதை இன்னொன்று பிடிக்கும். சருகிலும் இப்படித்தான். பொதுவாக ஒரு மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலிருக்கும் தழைச்சத்தில் சுமார் பாதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அவரைக் குடும்பத்து மரங்கள் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை, அதனால் அவற்றின் சருகு சத்தானது, சீக்கிரம் மட்கிவிடும். யூக்கலிப்டஸ் சருகு நேர் எதிர். அதில் நைட்ரஜனைப் போல 30 மடங்குக்கும் மேல் கார்பன் இருப்பதால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே இழுத்துக்கொண்டு கொஞ்ச காலம் செடிகளைப் பட்டினி போடும். வேகமாக மட்குவதும் மெதுவாக மட்குவதும் கலந்து கிடந்தால் சத்து ஒரே வாரத்தில் கொட்டித் தீராமல் நிதானமாக வரும்.

நீங்கள் படித்தது அநேகமாக 2023-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வைப் பற்றியதாக இருக்கும். கனடாவின் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பில் சில ஆண்டு இடைவெளியில் அதே இடங்களில் எடுத்த மண் விவரங்களை ஒப்பிட்டார்கள். மர வகைகளின் சமநிலை மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை போகும்போது மேல் மட்கு அடுக்கில் நைட்ரஜன் 42 சதவீதமும், மரங்களின் குணங்களில் வேறுபாடு அதே மாதிரி கூடும்போது கீழே கனிம மண்ணில் 50 சதவீதமும் கூடியது. சமநிலை என்ற சொல்லைக் கவனியுங்கள், எல்லா வகையும் ஏறக்குறையச் சம அளவில் இருப்பதுதான் அது. நூறு மரத்தில் தொண்ணூற்றைந்து கீகர், மீதி ஐந்தும் ஐந்து வகை என்றால் பெயர்ப்பலகையில் ஆறு வகை என்று எழுதலாம், மண்ணைப் பொறுத்தவரை அது கீகர் காடுதான். அப்புறம், கனடா மண்ணின் மேலே குளிரில் மட்காத சருகு மெத்தையாகக் கிடக்கிறது, ரிட்ஜில் பாறைமேல் மெல்லிய மண். அந்த 42-ஐ அப்படியே இங்கே ஒட்டாதீர்கள்.

அதற்காக ஜேசிபி விட்டுக் கீகரை ஒரேயடியாகப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இத்தனை வருஷம் சேர்ந்த தழைச்சத்தை ஓரிரு மழைக்காலத்தில் கழுவி விடுகிற வழி அது. கிளைகளைக் கழித்து, வெளிச்சம் விட்டு, அந்தச் சத்தான மண்ணிலேயே தாக், ரோஞ்ச், கைர் என்று உள்ளூர் மரங்களை வளரவிட்டுப் படிப்படியாகக் கீகரைக் குறைக்கலாம். நம் பேச்சில் புரசு, வெள்வேலம், கருங்காலி. மூன்றும் அவரைக் குடும்பம்தான், வேரில் முடிச்சும் வரும், ஆகவே கீகர் போனால் நைட்ரஜன் வரவு நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம்.

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் மண் செத்துக் கிடக்கிறது. அவரைக் குடும்பம் என்பதால் நிறைய அமல்தாஸ் வைக்கலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். சரியா?
– வாசகி, மயூர் விஹார்

பதில்: பூவுக்காக வையுங்கள். அமல்தாஸ், நம் சரக்கொன்றை, அவரைக் குடும்பம்தான் என்றாலும் அதன் வேரில் முடிச்சு வராது. புளியும் அப்படியே. தழைச்சத்துக்குப் புங்கம் வைக்கலாம், கூடவே வேம்பு, நாவல், அத்தி என்று கலந்துகொள்ளுங்கள். மரத்தைவிட முக்கியம், உங்கள் மாலி (தோட்டக்காரர்) தினமும் காலையில் சருகைக் கூட்டி மூட்டை கட்டி வெளியே அனுப்புகிறாரே, அதை நிறுத்துவது. முப்பது வகை மரம் வைத்துவிட்டு இலையை எல்லாம் குப்பை வண்டியில் ஏற்றினால் மண்ணுக்கு என்ன வரும்? கொளுத்தவும் கூடாது, எரிந்தால் சருகிலிருக்கும் நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். மரத்தடியிலேயே பரப்பி விடுங்கள். பாம்பு வரும், அசிங்கமாக இருக்கும் என்று யாராவது சொன்னால் ஒரு மூலையில் குழி வெட்டி மட்க வைத்துத் திரும்பப் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு, காட்டுக்கு யூரியா தூவினால் போதாதா?
– வாசகர், கரோல் பாக்

பதில்: வேண்டாம் சார். இங்கிலாந்தில் ரோத்தம்ஸ்டெட் பண்ணையில் 1856-இலிருந்து ஒரு புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து உரம் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நைட்ரஜன் உரம் அதிகம் விழுந்த பாத்திகளில் புல் உயரமாக வளர்ந்தது, ஆனால் செடி வகைகள் மளமளவென்று குறைந்து ஒருசில புற்களே மிஞ்சின. காட்டில் யூரியா போட்டாலும் முதலில் கொழுப்பது வேகமாக வளரும் களைதான், மிச்சம் உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரில் நைட்ரேட்டாக வரும்.