அம்மாவின் பெயர் எங்கே, தம்பி?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். எங்கள் அம்மா போன தை மாதம் இறந்துபோனார். வருகிற தையில் முதல் வருஷ நினைவு நாள், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க 16 பக்கத்தில் சின்னதாக ஒரு நினைவு மலர் போடலாம் என்று நானும் தங்கையும் உட்கார்ந்தோம். (அண்ணனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.) 'அன்பே உருவானவர், பொறுமையின் சிகரம், கஷ்டப்பட்டுத் தீப்பெட்டி ஒட்டி எங்களைப் படிக்க வைத்தவர்' என்பதற்கு மேல் ஓடவில்லை. அப்பாவைக் கேட்டால், "அவ பாட்டுக்கு இருந்தா, எழுத என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறார். என் மகள் அப்பத்தாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள், முழுக்க சுருக்குப் பையில் ஒளித்து வைத்திருந்த கருப்பட்டி மிட்டாய் பற்றித்தான். அதைப் போடலாமா? மீதியை எப்படி எழுதுவது?
- பெயர் வேண்டாம், சாத்தூர்.

பதில்: முதலில் மகள் எழுதியதை அப்படியே முதல் பக்கமாகப் போடுங்கள் தம்பி, எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். இதுவரைக்கும் உங்கள் அம்மா அந்த ஒரு பக்கத்தில்தான் நடமாடுகிறார். 'பொறுமையின் சிகரம்' எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டு ஃப்ளெக்ஸிலும் இருக்கிறது. போன வாரம் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவருக்கும் அதையே போட்டிருந்தார்கள், அவருடைய பொறுமையைப் பற்றித் தெருக்குழாயில் அவரோடு தண்ணீர் பிடித்தவர்களைக் கேட்டால் தெரியும்!

தீப்பெட்டி ஒட்டியதை ஒரே வரியில், அதுவும் 'கஷ்டப்பட்டு' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவிட்டீர்கள். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ஒரு நாளைக்கு எத்தனை குரோஸ் ஒட்டினார், பசை யார் காய்ச்சினார்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்களும் கூட உட்கார்ந்தீர்களா, கூலி வந்த அன்றைக்கு வீட்டில் என்ன வாங்கினார்? இதை மட்டும் எழுதினாலே மூன்று பக்கம் வந்துவிடும்.

அப்புறம் அப்பா. "அம்மா எப்படிப்பட்டவர்" என்று அவரிடம் கேட்காதீர்கள், அதற்கு எந்த ஆம்பளையும் பதில் சொன்னதில்லை. "உங்களோடு எதற்கெல்லாம் சண்டை போட்டார்" என்று கேட்டுப் பாருங்கள்.

கஸ்தூர்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1913-ல் தென்னாப்பிரிக்காவில் மூன்று மாதம் கடுங்காவல் இருந்தவர் அவர், ஆனாலும் 'காந்தியின் மனைவி, தியாகச் சுடர்' என்பதற்கு மேல் நம்மில் பலருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அவர் பிடிபட்டது ஒரு சண்டையில்தான், அதைக் காந்தியே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது அங்கிருந்த இந்தியர்கள் குவித்த பரிசுகளில், கஸ்தூர்பாவுக்கென்று கொடுத்த 50 கினி (அந்தக் கால ஆங்கிலப் பணம்) மதிப்புள்ள தங்கச் சங்கிலியும் ஒன்று. எல்லாவற்றையும் பொதுக் காரியத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றார் காந்தி. கஸ்தூர்பா விடவில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் சரி, நாளைக்கு வரப்போகிற மருமகள்களுக்கு? எனக்குக் கொடுத்ததில் உங்களுக்கென்ன உரிமை? நீங்கள் ஊருக்கு உழைத்தீர்கள், ராத்திரி பகலாக உங்களுக்கு உழைத்தேனே, அது சேவை இல்லையா? கடைசியில் சங்கிலி போய்விட்டது என்பது வேறு விஷயம். கடைக்குட்டி தேவதாஸுக்கு அப்போது ஒரு வயதுதான், அவருக்கு 1933-ல் மனைவியாக வந்த ராஜாஜியின் மகள் லட்சுமி பிறக்கவே இல்லை. இன்னும் பிறக்காத மருமகளுக்காகச் சண்டை போட்ட மாமியார்! 'தியாகச் சுடர்' என்று எழுதியிருந்தால் இந்த மனுஷி தெரிந்திருப்பாரா?

அதே மாதிரிதான் மற்றதும். கடைசிக் காலத்தில் புனே ஆகா கான் மாளிகையில் காவலில் இருந்தபோது, எழுபது தாண்டிய மனைவிக்குக் காந்தி புவியியல் பாடம் நடத்தினார், எந்த மாகாணத்துக்கு எது தலைநகர் என்பது அவருக்குக் குழம்பிக்கொண்டே இருந்தது. கேரம் ஆடுவதென்றால் மட்டும் தனி உற்சாகம்.

அண்ணனை அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டீர்கள். கஸ்தூர்பாவின் மூத்த மகன் ஹரிலால் அப்பாவோடு முறுக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர். ஒருமுறை கட்னி ரயில் நிலையத்தில் கூட்டமெல்லாம் காந்திக்கு ஜே போட, இவர் மட்டும் அம்மாவுக்கு ஜே சொல்லிக்கொண்டு வந்து, இது உனக்கு மட்டும்தான் என்று ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார். உங்கள் அண்ணனிடமும் அப்படி ஒன்று இருக்கும். உங்களுக்குப் பேச்சு இல்லாவிட்டால் தங்கையை விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அப்பா வாசலுக்குப் போவதை வைத்து அவரிடம் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். 1944 பிப்ரவரியில் அந்த மாளிகை வளாகத்திலேயே கஸ்தூர்பாவுக்குச் சிதை மூட்டினார்கள், காந்தி கையால் நூற்ற நூலில் நெய்த புடவையைத்தான் உடுத்தியிருந்தது. போய்ப் படுங்கள் என்று சொன்னவர்களிடம், 62 வருஷம் கூட இருந்தவளை இப்படி எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அந்த மனிதர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். நீங்களும் ஒரு நாள் நோட்டுப் புத்தகம் இல்லாமல் வாசலில் அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மாவுக்கு அவர் எடுத்துக் கொடுத்த புடவையில் ஆரம்பிக்கலாம்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அம்மா, அப்பத்தா, அவ. பெயர் எங்குமே இல்லை! குஜராத்தியில் 'பா' என்றால் அம்மா, அந்தக் கஸ்தூர்பாவுக்கே கஸ்தூர் முன்னால் வந்து பா பின்னால்தான் வருகிறது. அட்டையில் அம்மாவின் பெயரைப் பெரிதாகப் போடுங்கள், பிறந்த ஊரையும் சேருங்கள். கூடப்பிறந்தவர்கள் யாராவது இருந்தால், கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். அச்சானதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள், மிட்டாய்ப் பக்கம் முதலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.