இரண்டாவது கேள்வி

அன்புள்ள ஐயா,

ஒரு தொலைக்காட்சியில் பொருளாதாரச் செய்திகளைக் கவனித்துவருகிறேன். பத்து வருட அனுபவம். அடுத்த மாதம் ஓர் எரிசக்தி மாநாட்டில் ஒரு அமர்வுக்கு நெறியாளராகக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான்கு கம்பெனித் தலைவர்கள், 45 நிமிடம். பணமும் உண்டு. சிஎன்என்னில் இருந்த ஜான் டெஃப்டேரியோஸ் அபுதாபி மேடைகளில் விவாதம் நடத்துவதைப் பார்த்து, இப்படி ஒருநாள் நாமும் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான். ஆனால் அலுவலகத்தில் ஒரு மூத்தவர், “அங்கே போய் உட்கார்ந்தால் அப்புறம் நீ நிருபர் இல்லை, விழாத் தொகுப்பாளினி” என்று சொல்லிவிட்டார். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. போகலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள சகோதரிக்கு,

போங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்றிரவாவது தூங்குங்கள். உங்கள் மூத்தவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

2021 அக்டோபர் 13, மாஸ்கோ. ரஷ்ய எரிசக்தி வார மாநாடு. மேடையில் புதின். கேள்வி கேட்பவர் சிஎன்பிசி தொலைக்காட்சியின் ஹாட்லி கேம்பிள். ஐரோப்பாவில் எரிவாயு விலை அதுவரை யாரும் பார்த்திராத உயரத்துக்குப் போயிருந்த நேரம் அது. குளிர்காலம் நெருங்கிவிட்டது, சேமிப்புக் கிடங்குகள் வழக்கம்போல் நிரம்பவில்லை. ரஷ்யாவிலிருந்து கடலடி வழியாக ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோகும் நோர்ட் ஸ்ட்ரீம் 2 குழாய் கட்டி முடித்தாயிற்று, ஜெர்மனியின் அனுமதிதான் பாக்கி. எரிவாயுவை ரஷ்யா ஆயுதமாக்குகிறதா என்பது எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி. அதெல்லாம் இல்லை, ஒப்பந்தப்படி கொடுக்கிறோம், கூடுதலாகக் கேட்டால் அதையும் தருவோம் என்றார் புதின். மாநாட்டு மேடைகளில் வழக்கமாக இந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார்கள். கேம்பிள் போகவில்லை. கொடுக்க முடியும் என்றால் இப்போதே ஏன் கொடுக்கவில்லை என்று திரும்பவும் அதிலேயே நின்றார். புதின் அரங்கத்தைப் பார்த்து, அழகான பெண், நான் ஒன்று சொல்கிறேன், காதிலேயே விழாத மாதிரி இவர் வேறொன்று சொல்கிறார் என்கிற தொனியில் பேசினார்.

அந்தக் காட்சியை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரு நாட்டின் அதிபர், தன் ஊரில், தன் ஆட்கள் நிறைந்த அரங்கில், கேட்டவளின் அழகைப் பேசிக் கேள்வியைத் தள்ளிவிடப் பார்க்கிறார். கேம்பிள் கோபப்படவில்லை, குழையவும் இல்லை. கேள்வியை விடவில்லை. அதற்குப் பிறகு ரஷ்ய ஊடகங்களில் அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பற்றியெல்லாம் கேவலமாகப் பேசினார்கள். எனக்கு இன்னும் அதில் ஆத்திரம் உண்டு. நாலு மாதம் கழித்து உக்ரைன் போர் வந்தது. 2022 கோடையில் முந்தைய குழாயான நோர்ட் ஸ்ட்ரீம் 1 வழியாக வந்த எரிவாயு படிப்படியாகக் குறைந்து, செப்டம்பர் தொடக்கத்தில் அடியோடு நின்றது. அவர் ஏன் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

அதே மாநாட்டில் 2019இல் நெறியாளராக இருந்தவர் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியைச் சேர்ந்த கீர் சிம்மன்ஸ். 2020 அமெரிக்கத் தேர்தலில் ரஷ்யா தலையிடுமா என்று கேட்டார். புதின் ரகசியம் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தி, கட்டாயம் செய்வோம், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றார். அரங்கம் சிரித்தது. சிம்மன்ஸ் தேர்ந்த நிருபர்தான். ஆனால் அரங்கம் சிரித்துவிட்டால் எவ்வளவு பெரிய கேள்வியும் கரைந்துவிடும். ஸ்டுடியோவில் உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அங்கே நீங்களும் விருந்தாளியும் மட்டும்தான். மாநாட்டில் முன்வரிசை முழுக்க விருந்தாளியின் ஆட்கள். 2024 மார்ச்சில் ஹூஸ்டனில் சவுதி அராம்கோ எண்ணெய் நிறுவனத்தின் தலைவர் அமீன் நாசர், எண்ணெயையும் எரிவாயுவையும் ஒழித்துவிடலாம் என்ற கற்பனையைக் கைவிடுங்கள் என்று பேசியபோது கைதட்டல் எழுந்தது. அப்படி ஒரு கைதட்டல் உங்கள் மேடையிலும் எழும். அது அடங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அடங்கியதும், அதே விஷயத்தில் அடுத்ததைக் கேளுங்கள்.

சரி, உங்கள் 45 நிமிடத்துக்கு வருவோம். ‘தொடக்கமாக ஆளுக்கு ஐந்து நிமிடம்’ என்று நிகழ்ச்சி நிரலில் நிச்சயம் போட்டிருப்பார்கள். ஐந்து என்பது மேடையில் ஏழாகும். நாலு பேருக்கு 28 நிமிடம் போயிற்று. அறிமுகம், அவையினர் கேள்வி, நினைவுப் பரிசு எல்லாம் கழித்தால் உங்களுக்கு ஏழெட்டு நிமிடம்கூட மிஞ்சாது. தொடக்க உரையே வேண்டாம், நேராகக் கேள்விக்குப் போகிறேன் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கணக்கு. “500 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கியிருக்கிறோம்” என்று ஒருவர் சொல்வார். மெகாவாட் என்பது திறன்தான். வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று கேளுங்கள். ஒரு மெகாவாட் இரவு பகலாக நிற்காமல் ஓடினால் வருடத்துக்கு 87 லட்சத்து 60 ஆயிரம் யூனிட். சூரிய மின்சாரத்தில் நம் நாட்டில் அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதையும் அவர் சமாளித்துவிடலாம். அப்போது, இரவு எட்டு மணிக்கு வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் ஓடும்போது உங்கள் 500இல் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். பேட்டரி வைத்திருக்கிறார்களா, நிலக்கரியை நம்பியிருக்கிறார்களா என்பது அந்தப் பதிலில் வெளிவந்துவிடும். மின்கட்டணம் கட்டுகிறவர் யாரும் அந்த அரங்கில் இருக்கமாட்டார். அவருக்காகக் கேட்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள்.

இதெல்லாம் மேடையில் திடீரென்று வராது. டெஃப்டேரியோஸின் நிதானம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அவர் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கின் கூட்டங்களை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தவர். அந்த உழைப்புதான் மேடையில் நிதானமாகத் தெரிகிறது. உங்களிடமும் பத்து வருடம் இருக்கிறது.

இப்போது உங்கள் மூத்தவர் சொன்ன விஷயம். பல வருடங்களுக்கு முன் நான் ஒரு மின்துறைக் கருத்தரங்கை நடத்தினேன். பேச்சாளர்களின் வசதிக்காகக் கேள்விகளை முன்கூட்டியே அனுப்புங்கள் என்றார்கள். யோசிக்காமல் அனுப்பினேன். திரும்பி வந்தபோது ஒரு கேள்வியின் மேல் சிவப்புக் கோடு. அனல் மின் நிலையச் சாம்பல் பக்கத்துக் கிராமங்களில் படிவதைப் பற்றிய கேள்வி அது. மேடையில் அந்த அட்டை என் கையில்தான் இருந்தது, கோடு போட்ட வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டே 40 நிமிடம் பேசினேன். கேட்கவில்லை. உறையில் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கு நான் விழாத் தொகுப்பாளன்தான், உங்கள் மூத்தவர் வாயில் வந்த அதே வார்த்தை. அதற்குப் பிறகு தலைப்புகளை மட்டும் தருவேன், கேள்விகளை யாருக்கும் தருவதில்லை. இதற்கு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு இடங்களில் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பணம் வாங்குவதை உங்கள் ஆசிரியரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மேடையில் இருந்த நாலு கம்பெனிகளைப் பற்றிய செய்திகளையும் சில காலத்துக்கு வேறொருவர் பார்க்கட்டும். இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால் பணத்தை விட்டுவிடுங்கள், மேடையை விடாதீர்கள்.

நால்வரின் ஆண்டறிக்கைகளையும் இந்த வாரமே எடுத்துப் படிக்க ஆரம்பியுங்கள். ஒவ்வொருவருக்கும் முதல் கேள்வியை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். இரண்டாவதை மட்டும் எனக்கு எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்.