மொழி தெரியாத ஊரில் எப்படி ஆர்டர் செய்து சாப்பிடுவீர்கள்?

பக்கத்து ஆளின் கிண்ணத்தைப் பார்த்துத்தான். நாகரிகம் இல்லை என்பார்கள், சொல்லட்டும்.

ஜப்பானின் ஃபுகுவோகாவில் முதல் நாள் மதியம், ஒரு ராமென் கடை, அதாவது நூடுல்ஸ் சூப் கடை. வாசலிலேயே டிக்கெட் எந்திரம். காசு போட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதை உள்ளே நீட்ட வேண்டும். எல்லாம் ஜப்பானிய எழுத்து, படம் ஒன்றுகூட இல்லை. பின்னால் நாலு பேர் நிற்கிற பதற்றத்தில் 150 யென் பொத்தானை அழுத்திவிட்டேன். இவ்வளவு மலிவா என்று சந்தோஷம் வேறு.

கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். அப்புறம் அவரே வெளியே வந்து, எந்திரத்தின் இடதுபக்க மேல் மூலைப் பொத்தானைக் காட்டினார். பெரும்பாலான கடைகளில் அவர்களுடைய முக்கியமான ராமென் அங்கேதான் இருக்கும். பழைய சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். எதற்கென்று புரியவில்லை.

பக்கத்தில் ஒரு தாத்தா நூடுல்ஸை முடித்துவிட்டு சூப்பை அப்படியே மிச்சம் வைத்திருந்தார். பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன். அவரோ என்னிடம் இருந்த மாதிரியே ஒரு சீட்டை நீட்டி, "கத்தா" என்றார். கொஞ்சம் விறைப்பாக வேகவைத்துத் தாருங்கள் என்று அர்த்தம். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, சுடச்சுட வெறும் நூடுல்ஸ் வந்து அவர் சூப்பில் விழுந்தது.

அதற்குப் பெயர் கயேதமா. அந்த ஊர் நூடுல்ஸ் மெல்லிசு. பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு எடுக்கும் வெள்ளை சூப்பில் சீக்கிரம் ஊறிக் குழைந்துவிடும். அதனால் முதலில் அளவாகப் போட்டு, கேட்டால் மறுபடி போடுகிறார்கள். நாகஹாமா மீன் சந்தையில் அவசரமாகச் சாப்பிட்டு ஓடுகிறவர்களுக்காக வந்த வழக்கமாம்.

சரி, என் கையிலும் சீட்டு இருக்கிறதே என்று குனிந்து பார்த்தால், சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்திருந்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அரைக் கரண்டி ஊற்றினார்.

இந்த ஒட்டுப்பார்வைக்கு மிகவும் தோதான இடம், நகாசு பகுதியின் ஆற்றங்கரையில் சாயங்காலம் முளைக்கும் யதாய் தள்ளுவண்டிக் கடைகள். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தால் எல்லார் தட்டும் கண்ணில் படும். விரலை நீட்டினால் போதும். இஸகாயா மாதிரி மது விடுதிகளில் மட்டும் ஒன்று: கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதாவது வரும், பில்லிலும் ஏறும். ஏமாற்று இல்லை, உட்கார்ந்ததற்கான கட்டணம் அது. நான் முதல் தடவை இலவசம் என்று நினைத்து இன்னொன்று கேட்டேன்.