என்ஜின் சூடாகிறதா? பாகம் வாங்கும் முன் - பாவனையாளர் கேள்வி பதில்

கேள்வி: காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் வெப்ப ஊசி ஏறிவிடுகிறது. அதிவேக வீதியில் மாத்தறை வரை போனாலும் ஒன்றுமில்லை. கராஜில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: பொறுங்கள், மாற்ற வேண்டாம். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நெரிசலில் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். காரை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்கும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச்), ஃபேன் மோட்டர் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ரிலேயின் விலை எங்கே, ரேடியேட்டரின் விலை எங்கே! வேகத்தில் போகும்போது சூடேறினால்தான் ரேடியேட்டர் அடைப்பையும் வாட்டர் பம்ப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஊசி சிவப்புக்கு வந்த பிறகும் வீடு கிட்டத்தானே என்று ஓட்டி வந்தேன். என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டதாம். போன மாதம் சேர்விஸ் செய்த கராஜிடம் நட்டஈடு கேட்கலாமா?
– வத்தளை வாசகர்

பதில்: கேட்டாலும் கிடைக்காது. சிவப்பைக் கண்ட இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

கேள்வி: 'எங்கள் நாட்டு வெயிலுக்கு இது தேவையில்லை' என்று பாஸ் தேர்மோஸ்டட்டைக் கழற்றிவிட்டார். சூடு குறைந்த மாதிரி இருக்கிறது. ஆனால் பெற்றோல் செலவு கூடிவிட்டது.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். தேர்மோஸ்டட் குளிர்நாட்டுக்காரருக்கு மட்டும் செய்த பொருளல்ல. என்ஜின் ஆறியிருக்கும்போது மூடியிருந்து, பல கார்களில் 82 முதல் 90 பாகை செல்சியஸுக்குள் திறந்து, என்ஜினை ஆற்றும் திரவமான கூலன்டை ரேடியேட்டருக்கு அனுப்பும் வால்வு அது. கழற்றினால் என்ஜின் உரிய சூட்டுக்கு வர நெடுநேரம் பிடிக்கும். அதுவரை என்ஜின் கணினி கூடுதல் பெற்றோலை விட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் காசு போவது அங்கேதான். சில என்ஜின்களில் நிலைமை இன்னும் மோசம். வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூட வேண்டும். வால்வே இல்லையென்றால் சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். கழற்றியதாலேயே சூடேறும் கார்களும் உண்டு!

அது பழுதா என்று பார்ப்பது கஷ்டமே இல்லை. நூலில் கட்டி, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டுக்குக் கிட்ட வால்வு மெல்ல வாய் திறக்கும். தண்ணீர் கொதித்தும் திறக்கவில்லையா, புதியது வாங்குங்கள். இனிமேல் எந்தக் கராஜிலும் கழற்றிய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் பொருள்.

கேள்வி: கூலன்ட் குறைந்துகொண்டே போகிறது. காரின் கீழே ஒரு சொட்டுக்கூட இல்லை.
– தெஹிவளை வாசகி

பதில்: முதலில் ரேடியேட்டர் மூடி. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் முகத்தில் கொதிநீர் அடிக்கும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று இருப்பது அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம் நின்றால்தான் கூலன்ட் 100 பாகையைத் தாண்டியும் கொதித்து வெளியேறாது. ஒரிஜினல் என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் விற்ற மூடியின் சுருள்வில் அழுத்தத்தைப் பிடிக்கவே இல்லை. பெட்டியும் எழுத்தும் அச்சு அசல். ஆகவே கராஜில் அழுத்தம் பார்த்து வாங்குங்கள். மூடி சரியென்றால், என்ஜின் ஒயில் பால் கலந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சிலிண்டர் ஹெட்டின் கீழே கசியாமல் அடைக்கும் ஹெட் கஸ்கட் போயிருக்கலாம்.

கேள்வி: கார் சேலில் கடனெடுத்து வாங்கிய கார் மூன்றாம் வாரமே கொதிக்கிறது. ரேடியேட்டருக்குள் ஒழுக்கை அடைக்கும் மருந்து போட்டிருக்கிறார்கள். 'பார்த்துத்தானே வாங்கினீர்கள்' என்கிறார் விற்றவர்.
– மட்டக்குளி வாசகி

பதில்: சகோதரி, இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை. மருந்து போட்டு மறைத்ததை வெறும் கண்ணால் யார் பார்ப்பது? 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் தொடங்கும்வரை பழைய கார்களுக்கும் தங்க விலையாக இருந்தது. அதிலும் இப்படிச் செய்தால் வயிறு எரியத்தான் செய்யும். என்ஜினை இப்போதைக்குப் பிரிக்க விடாதீர்கள். வேறொரு கராஜில், ரேடியேட்டர் வாயில் என்ஜின் புகை வருகிறதா என்று அதற்கான நீலத் திரவத்தால் சோதனை செய்யுங்கள். அந்தத் திரவம் மஞ்சளானால் ஹெட் கஸ்கட் வழியே புகை கசிகிறது என்று அர்த்தம். அதை எழுத்தில் வாங்கி, விளம்பரம், பற்றுச்சீட்டு, படங்களோடு பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். விற்றவர் 'அடுத்த கிழமை வாங்கோ' என்று இழுத்தடிப்பார், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.