வீட்டில் எல்லா மெஷினும் இருக்கிறது, எனக்குத்தான் நேரம் இல்லை

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 38. மார்த்தாண்டம் பக்கம் வீடு, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை. காலையில் குழித்துறையில் ரயில் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஏழரை ஆகிவிடும். வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் எல்லாம் உண்டு, காய்கறிகூட போனில் சொன்னால் வாசலுக்கு வந்துவிடும். ஆனாலும் எனக்கென்று அரை மணி நேரம் கிடைப்பதில்லை. எல்லோரும் படுத்த பிறகு போன் பார்ப்பதுதான் எனக்குக் கிடைக்கும் நேரம், தூங்கப் பன்னிரண்டு ஆகும், ஐந்து மணிக்கு எழ வேண்டும். எப்போதும் அசதி, எரிச்சல், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. என் அம்மா இந்த வசதி எதுவும் இல்லாமல் நான்கு பிள்ளைகளை வளர்த்தார், மத்தியானம் ஒரு தூக்கமும் போடுவார். எனக்கு மட்டும் என்ன கோளாறு? வைட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடலாமா?

பதில்: நேரத்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதைப் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். நேரம் இல்லாவிட்டால் எரிச்சல் வரும், சரி, மூச்சு வாங்காது.

ரத்தசோகையாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது, அதாவது பாதிக்கும் மேல். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனாலே கணக்கில் சேரும். இது மெல்ல மெல்லக் குறைவதால் உடம்பும் அதற்குப் பழகிப்போய், 9 கிராமில்கூட பெண்கள் வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருப்பார்கள், ஆனால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலையை நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து அரை மணி நேரத்தில் முடிப்பார்கள், கடைசியில் "நாள் பத்தவில்லை" என்பார்கள். மாதவிடாயில் ரத்தப்போக்கு எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அதிகமாக இருந்தால் பரிசோதனைக்குப் போகும்போது கண்டிப்பாகச் சொல்லுங்கள், காரணத்தைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் தின்றால் மறுபடியும் குறைந்துவிடும். கூடவே தைராய்டு (டி.எஸ்.ஹெச்.), சர்க்கரை, வைட்டமின் பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது தூக்கம். பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம், வளர்ந்தவர்களுக்குக் குறைந்தது ஏழு வேண்டும். பகல் முழுக்க மற்றவர்களுக்கே போய்விட்டது என்ற ஆத்திரத்தில் ராத்திரியிலிருந்து கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொள்கிறீர்கள். நியாயமான ஆத்திரம்தான், ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மறுநாள் உங்கள் உடம்புதான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வாரம் அரை மணி நேரம் முன்னால் படுத்துப் பாருங்கள், போனை அடுக்களையில் சார்ஜில் போட்டுவிட்டு. காலை ரயிலில் இடம் கிடைத்தால் பாறசாலை தாண்டியதும் கண்ணை மூடிவிடுங்கள், தப்பில்லை. சாயங்காலம் நெய்யாற்றின்கரையில் தொடங்கி குழித்துறை வரை தூங்குவது வேண்டாம், ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால், தினமும் அம்மியில் தேங்காய் அரைத்து மீன் குழம்பு வைத்தவர்தானா என்று கேட்டுவிட்டுத்தான் நான் நம்புவேன். அந்த வேலை இடுப்பையும் தோளையும் ஒரு வழியாக்கிவிடும். மெஷின்கள் உங்கள் கைக்கு அந்தக் கஷ்டத்தைத் தரவில்லை, அது பெரிய விஷயம்தான். ஆனால் மிச்சமான நேரம் உங்களிடம் வந்து சேரவில்லை. வாஷிங் மெஷின் வந்தபின் துவைக்கும் துணியும் கூடிவிட்டது: யூனிஃபார்ம், விளையாட்டு வகுப்புக்கு வேறு யூனிஃபார்ம், ஆளுக்கொரு டவல். மெஷின் துவைத்துத் தரும், ஆனால் கொடியில் காயப்போடாது. நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், மொட்டை மாடியில் காயப்போட்டதை ஓடிப்போய் எடுத்து வராந்தாவில் போட்டு, மறுபடி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் குக்கர் விசில், ஆபீஸ் குரூப்பில் மெசேஜ், காய்கறி கொண்டுவந்த பையன் வழி கேட்டு போன். கூட்டிப் பார்த்தால் உங்களுக்கும் ஒரு மணி நேரம் ஓய்வு இருக்கக்கூடும், ஆனால் ஐந்தைந்து நிமிடத் துண்டுகளாக இருக்கும், அப்படிக் கிடைத்தால் மனசு ஓய்வெடுக்காது, அடுத்து யார் கூப்பிடுவார்கள் என்றே காத்திருக்கும். அம்மாவின் மத்தியானத் தூக்கத்தை யாரும் போன் போட்டுக் கலைக்கவில்லை. அப்புறம், மாதக் கடைசியில் யாருக்கும் ரிப்போர்ட் அனுப்ப வேண்டிய வேலையும் அவருக்கு இல்லை. நீங்கள் இரண்டு ஆள் வேலை பார்க்கிறீர்கள், அவரோடு ஒப்பிட்டு உங்களைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒன்று கவனித்தேன். வேலை செய்பவர்களின் பட்டியலில் மிக்சி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, வீட்டுக்காரர் இல்லை. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் 289 நிமிடம் செலவழிக்கிறார்கள், அதே வேலையில் இறங்கும் ஆண்கள் 88 நிமிடம். எந்த மெஷின் வாங்கினாலும் இந்த இடைவெளி அடைபடாது. அவரிடம் "கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் எதை எப்போது செய்ய வேண்டும் என்று நீங்கள்தான் நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேலையை முழுசாக ஒப்படைத்துவிடுங்கள். துணி என்றால், சோப்புத்தூள் தீர்ந்ததைக் கவனிப்பதிலிருந்து மடித்து அலமாரியில் வைப்பது வரை அவர் பொறுப்பு. மடிப்பு கோணலாக இருந்தால் இருக்கட்டும், பிரித்து மறுபடி மடிக்க உட்காராதீர்கள், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஆபீசிலும் ராத்திரி எட்டரைக்கு மேல் அவசரம் என்றால் போன் செய்யச் சொல்லுங்கள், மெசேஜ் காலையில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் போன் வராது.

வைட்டமின் மாத்திரை கேட்டீர்கள், ரிப்போர்ட் வரும் வரை எதுவும் வாங்க வேண்டாம். முடி உதிர்கிறது என்று பயோட்டின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது தைராய்டு ரிசல்ட்டையே மாற்றிக் காட்டிவிடும், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார். ஹீமோகுளோபின் குறைவு என்று வந்து இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தால், அதைச் சாயாவோடோ பாலோடோ போடாதீர்கள், ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு எலுமிச்சை சாற்றோடு போடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். அளவு சரியானதும் நிறுத்திவிடாமல், இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். படுத்தாலே மூச்சு முட்டுவது, நெஞ்சுவலி, மயக்கம் இதில் ஏதாவது வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல் அழுகையாக வந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சர்க்கரைப் பரிசோதனை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், அதனால் ஒரு சனிக்கிழமை காலையில் சாயா குடிக்காமல் லேபுக்குப் போய்விட்டு வாருங்கள், அன்றைக்குக் காலைச் சாப்பாட்டை வீட்டில் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.